ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு கதவு

மார்ச் 9, 2004

தங்கை லீதாவுக்கு அண்ணன் எகோர் எழுதுவது.

உயிரோடு இருக்கிறேன். கை கால்களை இன்று காலையும் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. உன் முழங்கால் எப்படி? கீராவின் இருமல் நின்றதா? மகளிர் தின வாழ்த்தை ஒரு நாள் தாமதமாகச் சொல்கிறேன். நேற்று முழுக்க இங்குள்ள பெண்களை வாழ்த்தியதில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

வேலைக்குக் குறைவில்லை. அமெரிக்காக்காரனை மிரட்டக் கட்டிய அணு நீர்மூழ்கிகளை ஜப்பான்காரன் செலவில் வெட்டிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் அவர்களில் ஆறு பேர் வெள்ளைத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பார்க்க வந்தார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் கதிர்வீச்சு மானி இரண்டிரண்டு. என்னுடையதை மேஸ்திரி பகோமவ் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார், நான் தொலைத்துவிடுவேனாம்.

நீர்மூழ்கிப் படகு வந்ததும் முதலில், சத்தத்தை அடக்க அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் ரப்பர் ஓடுகளை உரிப்போம். ஊரில் எவன் தோட்டத்துக்குப் போனாலும் நடைபாதை அந்த ரப்பர்தான். உருளைக்கிழங்குப் பாத்திக்கு நடுவே எதிரியின் கருவிக்குக்கூடக் கேட்காமல் நடந்து போகலாம்.

கேஸ் கட்டிங் புகையின் விஷத்துக்கு முறிவாகத் தினம் அரை லிட்டர் பால் தருகிறார்கள். கேன்டீன் ரிம்மாவின் கண் முன்னால் குடித்தாக வேண்டும். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூனைக்கு ஊத்துற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்யா, வாயத் தொற" என்பாள். நேற்றைய விருந்தில் அவளோடு ஆடும்போது என் கால்சட்டை நழுவியது. மானத்தைக் காப்பாற்ற எல்லோருக்கும் பழைய பெல்ட் கதையைச் சொன்னேன். உனக்குத் தெரியுமே: எண்பத்தாறில் படகுச் சமையல்காரர் புரோகரிடம் சீட்டாட்டத்தில் பெல்ட்டைத் தோற்றுவிட்டு, இடுப்பில் வலைக்கயிறு கட்டிக்கொண்டு உன் வீட்டு வாசலில் வந்து இறங்கியது, அம்மா என்னைத் துடைப்பத்தோடு பார்த்தது. எதற்காக வந்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வளைகுடாவில் பனிக்கட்டி விரிசல் விடுகிறது. வேறு சேதி ஒன்றும் இல்லை. கீராவுக்கு முத்தங்கள்.

எகோர்

ஏப்ரல் 2, 2004

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். முழங்கால் அப்படியே இருக்கிறது, இருமல் போய்விட்டது. நேற்று என் ரயில்வே கேட்டில் ஒருவன் கால் மணி நேரம் கத்தினான், வண்டியில் கன்று போடும் பசு இருக்கிறதாம். சரக்கு ரயில் போகும்வரை நான் கேட்டைத் தூக்கவில்லை. பசு கன்று போடவுமில்லை. இதுதான் இங்கே சேதி.

வேறு சேதி ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஆனால் உங்கள் பழைய படகைப் பிப்ரவரியில் கம்சாத்காவிலிருந்து இழுத்து வந்து உன் தொழிற்சாலையில் கட்டியிருக்கிறார்களாமே. என் வாதிமின் படகு. எனக்கு இதை எழுதியவர் நீ சொன்ன அதே புரோகர். முன்னாள் மாலுமிகள் சங்கத்தில் என் முகவரி கிடைத்ததாம்.

அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஏழாம் அறையில் தீப்பிடித்தபோது அங்கிருந்த மூவரும் முதல் நிமிடத்திலேயே போய்விட்டார்கள் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். நீயும் அதைத்தான் சொன்னாய். புரோகர் எழுதுகிறார்: "ஏழுலேருந்து தட்டுற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டுச்சு தங்கச்சி." எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.

நீ அப்போது முதல் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் இப்போது அந்தப் படகு உன் கையில் இருக்கிறது. ஆறாம் அறைக்கும் ஏழாம் அறைக்கும் நடுவே உள்ள கதவைப் பார். ஏழின் பக்கம் தட்டிய தடம் இருக்கிறதா என்று மட்டும் எனக்குச் சொல். கீராவுக்குச் செப்டம்பரில் கல்யாணம் பேசியிருக்கிறோம். அப்பா எப்படிப் போனார் என்று அவள் கேட்கிறாள். முதல் நிமிடம் என்று இனி என்னால் சொல்ல முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். பாலைக் குடி.

லீதா

ஏப்ரல் 27, 2004

தங்கச்சி லீதாவுக்கு,

பாலைக் குடித்துக்கொண்டே எழுதுகிறேன், கடிதத்தில் கறை இருந்தால் அதுதான். சளி, ஜலதோஷம் எதுவும் இல்லை. உங்களுக்கும் வேண்டாம்.

ஆமாம், படகு வந்திருக்கிறது. எழுத மறந்துவிட்டேன். உண்மையில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பதினெட்டு வருடம் ஒரே துறையில் கட்டிப்போட்டிருந்தால் யாருக்குத்தான் முகம் இருக்கும். ரப்பர் பாதி உதிர்ந்து, பச்சை பிடித்து, ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. சேர்ந்து நின்று போட்டோ எடுத்தால் அதில் யார் எகோர், எது படகு என்று நீ திணறிப்போவாய். இங்கே எதற்கும் பெயர் கிடையாது, ஆர்டர் எண்தான். இது ஏழாம் ஆர்டர்.

கதவைப் பார்க்கச் சொல்கிறாய். வேலையின் வரிசை உனக்குத் தெரியாது. எரிபொருள் எடுத்தாயிற்று. அடுத்து, உலை இருக்கும் அறையையும் அதன் இரு பக்கத்து அறைகளையும் ஒரே துண்டாக வெட்டி, இரண்டு முனையையும் மூடி வெல்டிங் வைத்து, தண்ணீரில் மிதக்க விடுவோம். நடுவில் பூரணம் வைத்த பெரிய கொழுக்கட்டை மாதிரி. ஜப்பான்காரர்கள் அதைத்தான் படம் பிடிப்பார்கள். வால் பக்கத்துக்கு யாரும் அவசரப்படுவதில்லை. ஆறு, ஏழு எல்லாம் ஆகஸ்டுக்குத்தான். அதுவரை காற்றோட்டம் இல்லாத இடத்துக்கு யாரையும் விட மாட்டார்கள்.

என் விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கின்றன, அதிரும் கருவி பிடித்தால் அப்படித்தானாம். டாக்டரம்மா ஊசியை எடுத்து, கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "எத்தனை குத்துனேன், சொல்லுங்க" என்றார். மூன்று என்றேன். இன்னும் குத்தவே ஆரம்பிக்கவில்லையாம்.

கல்யாணப் பையன் என்ன செய்கிறான்? பெல்ட் போடுகிறவன்தானே?

எகோர்

மே 19, 2004

அண்ணனுக்கு,

நலம். உருளைக்கிழங்கு நட்டாயிற்று. பையன் பெயர் தெனீஸ், தோல் பதனிடும் பட்டறையில் வேலை. பெல்ட் அவனே செய்வான்.

உன் விரல்களைப் பற்றிச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு.

ஆகஸ்ட் வரை காத்திருக்கிறேன். பதினெட்டு வருடம் இருந்தவளுக்கு மூன்று மாதம் ஒன்றுமில்லை. ஒன்றுமே தோன்றுவதில்லை எனக்கு, அதுதான் விசித்திரம். புரோகரின் கடிதத்தைப் படித்த அன்று எழுந்து போய் ஜன்னல்களைத் துடைத்தேன்.

அவருக்குப் பதில் எழுதினேன். உடம்பு சரியில்லாத மனிதர், கொஞ்சம் சிரிக்கட்டும் என்று உன் பெல்ட் கதையையும் சேர்த்து எழுதினேன். இத்தனை வருடம் கழித்து, ஜெயித்த பெல்ட்டைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன்.

லீதா

ஜூன் 24, 2004

லீதாவுக்கு,

இருக்கிறேன். வெயில் முப்பதைத் தொட்டுவிட்டது. இரும்புக்குள் அதற்கு மேல். நீங்கள் நிழலில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, தெரியும். ஊரில் அத்தனை கலவரம். ரிம்மாவை பகோமவ் பெண் கேட்டார். ஐம்பத்து நான்கு வயதில், எல்லோருக்கும் நடுவில், பால் வரிசையில் நின்றுகொண்டு. அவள் பால் கெட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல், "மொதல்ல குடிச்சு முடிங்க, மீதிய அப்புறம் பேசலாம்" என்றாள். குடித்து முடித்தார். "மீசையத் தொடைங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஆம் என்றாளா இல்லை என்றாளா என்று தொழிற்சாலை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நான் "இல்லை" கட்சி. எனக்கும் அவள் அதே தொனியில்தான் பால் ஊற்றுகிறாள், அதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

உலைத் துண்டு வெட்டி முடிந்தது. இழுவைக் கப்பல் வந்து அடுத்த வளைகுடாவுக்குக் கொண்டுபோயிற்று. அங்கே மற்றதுகளோடு வரிசையில் மிதக்கும். ஜப்பான்காரர்கள் கைதட்டினார்கள், நாங்களும் தட்டினோம். படகின் முன்பாதி ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். நடுவே கடல் தெரிகிறது. நான் இருபத்தைந்து வயதில் வழி தெரியாமல் திண்டாடிய இடம் அது.

வால் பக்கம் இன்னும் போகவில்லை. பகோமவ் விடவில்லை.

புரோகருக்கு அதிகம் எழுதாதே, லீதா. நல்ல மனிதர்தான், ஆனால் வயதாகிவிட்டது. ஒன்றை இன்னொன்றோடு குழப்பிக்கொள்வார். போன தடவை என்னையே வேறு யாரோ என்று நினைத்துப் பேசினார்.

எகோர்

ஜூலை 14, 2004

அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். நீ எப்படி?

புரோகர் இன்னும் பதில் போடவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம்.

கல்யாணம் செப்டம்பர் 18, சனிக்கிழமை. அப்பா இடத்தில் நீ நிற்கிறாய், கீரா இதை எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அதற்குள் கதவைப் பார்த்துவிடுவாய். எழுத வேண்டாம். வரும்போது நேரில் சொல். நீ சொன்னால் எனக்குப் போதும், யார் வேறு எது சொன்னாலும் கேட்க மாட்டேன்.

லீதா

ஆகஸ்ட் 22, 2004

அன்புத் தங்கச்சி லீதாவுக்கு,

நான் நலம். ரொம்ப நலம். நீயும் கீராவும் மாப்பிள்ளைப் பையனும் நலமாக இருக்க வேண்டும்.

கதவு போய்விட்டது. இரண்டாம் ஷிப்ட்காரர்கள் வெட்டிவிட்டார்கள், நான் அன்று பல் பிடுங்கப் போயிருந்தேன். காலையில் வந்து பார்த்தால் ஆறும் ஏழும் கரையில் துண்டுகளாகக் கிடக்கின்றன, கதவு லாரி ஏறிவிட்டது. லாரி நேராக உருக்காலைக்கு. அங்கே கேட்டுப் பார்த்தேன், உருக்கிவிட்டோம் என்றார்கள். இந்நேரம் அது எங்கேயாவது ஜன்னல் கம்பியாக இருக்கும். கடைவாய்ப் பல், இடது பக்கம். ஆடிக்கொண்டே இருந்தது.

ஒன்று சொல்கிறேன். இருந்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. தீக்குப் பிறகு விசாரணைக் கமிஷன் வருகிறது என்று ஏழாம் அறை முழுக்க வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். விருந்தாளி வந்தாலும் எழவு விழுந்தாலும் கடற்படைக்குக் கை பெயின்ட் டப்பாவுக்குத்தான் போகும். தடம் எதுவும் இருக்க வழியில்லை. முதல் நிமிடம் என்றே கீராவிடம் சொல். அதில் பொய் என்று யார் சொல்ல முடியும்.

கல்யாணத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. செப்டம்பர் இறுதிக்குள் ஏழாம் ஆர்டரை முடித்துத் தர வேண்டுமாம், யாருக்கும் லீவு இல்லை. பகோமவ் தன் கல்யாணத்துக்கே லீவு எடுக்கவில்லை. ஆமாம், ரிம்மா ஒத்துக்கொண்டாள், என் கட்சி தோற்றது.

சிவப்பு மீன்முட்டை மூன்று டப்பா ரயில் கார்டு கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கீராவிடம் என்ன சொல்வாயோ சொல். பல் வலி என்று சொல்.

எகோர்

அக்டோபர் 3, 2004

அண்ணனுக்கு,

நலம். மீன்முட்டை வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மணமக்களை வரவேற்க ரொட்டியும் உப்பும் நான் நீட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் உனக்குப் போட்ட நாற்காலியைக் கடைசிவரை யாரும் எடுக்கவில்லை. "கசப்பு, கசப்பு" என்று எல்லோரும் வழக்கப்படி முத்தம் கேட்டுக் கூவ, அவர்கள் கொடுத்துக்கொள்ள, நான் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு புரோகரின் பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

"தங்கச்சி, நான் யார்கிட்டயும் பெல்ட்டு ஜெயிக்கல. எங்க குடும்பம் பழைய கட்டுப்பாடு விடாத சமயத்துக்காரங்க, சீட்டு எங்களுக்குப் பாவம், அத நான் கையால தொட்டதில்ல. படகுல இருந்த ஒவ்வொருத்தனுக்கும் இது தெரியும். பெல்ட்டு போனது ஒரே ஒருத்தனுக்குத்தான். ஆறாம் அறையில நின்னு கதவோட கைப்பிடியக் கட்டுனவனுக்கு. அவன் பேர நான் சொல்ல மாட்டேன். அவன் சொல்லட்டும்."

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு கேக்குக்கு மாவு பிசைந்தேன்.

அந்தக் கதையைப் பதினெட்டு வருடமாகப் பெயர் சூட்டு விழாவிலும் புத்தாண்டிலும் நீ சொல்லியிருக்கிறாய். நானும் சிரித்திருக்கிறேன். வாதிமின் துத்தநாகச் சவப்பெட்டியை நீ கொண்டுவந்து இறக்கிய அன்று, அந்த வாரத்திலேயே நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான், உன் இடுப்புக் கயிற்றைப் பார்த்து.

நான் வேறெதுவும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம்?

லீதா

டிசம்பர் 11, 2004

லீதா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

இருபத்தாறு நிமிடம்.

நான் முதல் அறையில் இல்லை, ஆறில் இருந்தேன். ஏழில் தீ என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பியது நான். விதி அதுதான். எரிகிற அறையிலிருந்து யாரும் வெளியே வரக்கூடாது, பக்கத்து அறைக்காரன் திறக்கக்கூடாது. திறந்தால் ஆறும் எரியும், ஆறுக்கு அடுத்தது ஐந்து, அதற்கு அப்பால் உலை. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுத்ததே வாதிம்தான்.

கைப்பிடி கதவின் இரண்டு பக்கமும் உண்டு. உள்ளே இருப்பவன் திருப்பினாலும் திறக்கும். அதைத் தடுக்க ஒரு ஆணி செருக வேண்டும். எங்கள் கதவில் அந்த ஆணி இரண்டு வருடமாக இல்லை. பெல்ட்டைக் கழற்றிக் கைப்பிடியைக் குழாயோடு கட்டினேன். பெல்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

தட்டுவது அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு அது. நானும் திருப்பித் தட்டினேன். போகப் போக இரண்டு தட்டு. பிறகு ஒன்று. பிறகு நான் மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன், யாரோ வந்து என் கையைப் பிடிக்கும்வரை. மூவரில் தட்டியது யார் என்று தெரியாது. வாதிம் என்று சொல்லலாம், ஆனால் தெரியாது.

பெல்ட்டைக் கமிஷன்காரர்கள் பையில் போட்டு எண் எழுதி எடுத்துப்போனார்கள். பெட்டியோடு உன் வீட்டுக்குப் போகும்படி அன்றே உத்தரவு வந்தது. கிடைத்த கயிற்றைக் கட்டிக்கொண்டேன். உன் வாசலில் அம்மா கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன். நீ சிரித்தாய். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை.

கதவு உருக்காலைக்குப் போகவில்லை. ஆகஸ்ட் 6-ஆம் தேதி நான்தான் வெட்டினேன். கரையில் இறக்கியதும் பகோமவ் வந்து நின்றார்.

"எந்தக் கதவு?"

"ஆறு ஏழு."

"வீட்டுக்கா?"

"ம்."

லாரியை அவரே ஓட்டிக்கொண்டு வந்து என் கொட்டகையில் இறக்கினார். அவரும் பழைய கடற்படைதான். கதவு ரப்பர் ஓடுகளுக்கு அடியில் இருக்கிறது. பெயின்ட்டை நான்கு நாள் சுரண்டினேன். ஏழின் பக்கம், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. புகையில் தரையோடு படுத்திருப்பார்கள், அதனால் அந்த உயரம். விரலால் தடவினால் எனக்குத் தெரிவதில்லை, கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.

கைப்பிடியைத் திருப்பிவிடுவார்கள் என்று பயந்துதான் கட்டினேன். இருபத்தாறு நிமிடமும் என் கை பெல்ட்டின் மேல்தான் இருந்தது, லீதா. அது ஒரு தடவைகூட இறுகவில்லை. மூவரில் ஒருவர்கூடக் கைப்பிடியைத் தொடவில்லை. நான் கட்டியிருக்கவே வேண்டாம்.

இதை யாரிடமும் சொன்னதில்லை.

எகோர்

ஜனவரி 9, 2005

அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் முடிந்தது. நாங்கள் நலம். இங்கே பனி ஜன்னல் வரை நிற்கிறது, கேட்டைத் தூக்குவதற்கு முன்னால் மண்வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தைக் கேட் அறையில்தான் படித்தேன். பாதியில் மணி அடித்தது. எழுந்து போய்க் கேட்டைப் போட்டேன், சரக்கு ரயில் போயிற்று, கேட்டைத் தூக்கினேன், மீதியைப் படித்தேன். அழுகை வரவில்லை. கோபமும் தேடிப் பார்த்தேன். வரும்போது வரட்டும், எழுதுகிறேன்.

கீராவிடம் சொல்லிவிட்டேன். இருபத்தாறு நிமிடம் என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் யார் நின்றது என்றும் சொன்னேன். மேசையிலிருந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "கைப்பிடிய அப்பா தொடலியாம்மா?" என்று கேட்டாள். தொடவில்லை என்றேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். என் மகள்தான்.

கதவை இங்கே அனுப்பாதே, எங்கே வைப்பேன். உருக்கவும் கொடுக்காதே. மே மாதம் நானும் கீராவும் வருகிறோம், கொட்டகையைக் கொஞ்சம் பெருக்கி வை. எனக்குக் கன்னம் வைக்க வேண்டாம், என் விரல் நன்றாகத்தான் இருக்கிறது.

இதோடு ஒரு பார்சல் வரும். பெல்ட். வாதிமின் டிரங்குப் பெட்டியில் இருந்தது, கரையில் இறங்கும்போது மட்டும் போடுவார். உனக்கு இடுப்பு எவ்வளவு என்று தெரியவில்லை, தெனீஸ் குத்துமதிப்பாக இரண்டு துளை அதிகம் போட்டிருக்கிறான். பால் குடித்து இன்னும் இளைத்திருந்தால் ஆணியைக் காய்ச்சி நீயே ஒன்று போட்டுக்கொள்.

ஸ்டேஷனுக்கு எங்களை அழைக்க வரும்போது கயிறு கட்டிக்கொண்டு வராதே.

லீதா